எடின்பரோவில் மூன்று நாள், நாலு பேர், ஒருவர் குடிக்காதவர்

கேள்வி: ஐயா, வயது 29. ஆபீஸ் வேலையாக இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. அக்டோபர் மூன்றாவது வாரம், வெள்ளி மதியம் முதல் ஞாயிறு மாலை வரை, நாலு பேர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ போகிறோம். நான், ஆபீஸ் நண்பர்கள் இருவர், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அத்தான். போன மாதம் வேறு ஓர் ஊருக்குப் போனபோது இணையத்தில் பார்த்து 11 பப் கொண்ட பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். முதல் பப்பில் இருபது நிமிடம் மேஜையில் உட்கார்ந்திருந்தோம், யாருமே என்ன வேண்டும் என்று கேட்க வரவில்லை. இன்னொன்றில் கொடுத்த பீர் நுரையே இல்லாமல் வெதுவெதுவென்று, கெட்டுப்போனது மாதிரி இருந்தது. ஐந்தாவதோடு களைத்துவிட்டோம். எந்தக் கடை எப்படி இருந்தது என்று இப்போது நினைவே இல்லை, செலவு மட்டும் நினைவிருக்கிறது. எடின்பரோவில் நல்ல பப்களை எப்படிக் கண்டுபிடிப்பது? மீதி நேரத்தில் என்ன பார்ப்பது? அத்தான் குடிக்க மாட்டார், சைவம் வேறு. எங்கே கூப்பிட்டாலும் வருவார், முகம் மட்டும் வாடிப்போகும். அவருக்கும் சேர்த்து ஒரு வழி சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, முதலில் அந்த வெதுவெது பீர் கதையை முடித்துவிடுவோம், இல்லையென்றால் எடின்பரோவிலும் இதே முகச்சுளிப்போடுதான் உட்கார்ந்திருப்பீர்கள். நீங்கள் குடித்தது கெட்டுப்போன பீராக இருக்க வாய்ப்பு குறைவு. அது கேஸ்க் ஏல். பீப்பாய்க்குள் உயிரோடு இருக்கும் ஈஸ்டே கடைசிக் கட்ட நொதிப்பை முடித்துக்கொடுக்கும், வெளியிலிருந்து வாயு ஏற்ற மாட்டார்கள், அதனால்தான் பொங்கி வழிகிற நுரையும் நாக்கைக் குத்துகிற குமிழும் இருக்காது. கடைக்குக் கீழே நிலவறையில் 11 முதல் 13 டிகிரிக்குள் வைத்திருந்து, கவுண்டரில் நிற்கிற நீளமான கைப்பிடியை இழுத்து இழுத்துக் கிளாஸை நிரப்புவார்கள். பானைத் தண்ணீரின் குளிர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃபிரிட்ஜ் தண்ணீருக்குப் பழகின நாக்குக்கு அது வெதுவெதுப்பாகத்தான் படும். பெரிய ஆலைகள் எல்லாம் வாயு ஏற்றிய பீருக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், இந்த வகையே அழிந்துபோகும் என்று பயந்து 1971இல் காம்ரா என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. நிஜமாகவே கெட்டுப்போயிருந்தால் வினிகர் வாடை வரும். அப்போது கிளாஸைக் கவுண்டருக்கு எடுத்துப்போய் மெதுவாகச் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். அதைவிட நல்லது, வாங்கும் முன்பே கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று கேட்பது. கேஸ்க் ஏல் விற்கிற கடைகளில் ஒரு வாய் ஊற்றித் தருவது சாதாரணம்.

அப்புறம் அந்த இருபது நிமிடம். சிரிக்காமல் படிக்க முடியவில்லை, மன்னியுங்கள், ஆனால் நானும் முதல் தடவை அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பப்பில் மேஜைக்கு யாரும் வர மாட்டார்கள், உங்களில் ஒருவர் எழுந்து கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து, கையோடு வாங்கிவர வேண்டும். அங்கே வரிசை கிடையாது, ஆனால் இருக்கிறது! தனக்கு முன்னால் யார் வந்தார், பின்னால் யார் வந்தார் என்று நிற்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். கவுண்டர்காரர் தப்பாக உங்களைப் பார்த்துவிட்டால், பக்கத்தில் இருப்பவரைக் காட்டி ‘இவர் முதலில்’ என்று சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தையில் நீங்கள் உள்ளூர்க்காரர் ஆகிவிடுவீர்கள். கைதட்டுவது, நோட்டை ஆட்டிக் காட்டுவது வேண்டாம். டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் சில இடங்களில் மேஜை எண் கேட்பார்கள், அதைப் பார்த்துவிட்டுக் கவுண்டருக்குப் போங்கள்.

சரி, உங்கள் உண்மையான தப்பு அந்தப் பட்டியல்தான். 11 பப் என்பது குடிகாரனுக்கே அதிகம். 18 வருஷமாக நம் ஆட்களை பிரிட்டன் முழுக்க அழைத்துப்போகிறவன் சொல்கிறேன், ஒரு நாளைக்கு இரண்டு பப் போதும், பிற்பகலில் ஒன்று, இரவில் ஒன்று. பப்பை முதலில் குறித்துவிட்டு ஊரை அதைச் சுற்றி ஓட்டாதீர்கள். எந்தப் பக்கம் நடக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், நடை முடிகிற இடத்தில் எந்த பப் நன்றாக இருக்கிறது என்பதை அப்புறம் பாருங்கள். கால் வலித்து, குளிரில் காது சிவந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது ஒரு பப் கொடுக்கிற சுகமே வேறு. டாக்சியில் வந்து இறங்கி அதே பப்புக்குள் போனால் அது வெறும் கூட்டம் நிறைந்த அறை.

நேரமும் அதே அளவு முக்கியம். சனிக்கிழமை மூன்று மணிக்கு மூலையில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டு, ஒரு நாய் காலடியில் தூங்கிக்கொண்டு இருக்கிற அதே அறையில், ஒன்பது மணிக்கு நிற்க இடம் இருக்காது. பட்டியல் போடுகிறவர்கள் கடையின் பெயரை மட்டும் சொல்வார்கள், எத்தனை மணிக்கு என்று சொல்வதில்லை. உங்களுக்கு ஏமாற்றமாக இருந்த ஐந்தில் குறைந்தது இரண்டு, நேரம் தப்பிப்போனதால் கெட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

தெரியாத தெருவில் ஒரு பப் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாசலில் சாப்பாட்டுப் படம் ஒட்டி, ஆள் நின்று கூப்பிட்டால் தாண்டிப் போங்கள். உள்ளே எட்டிப் பாருங்கள், தனியாக உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்களா? அது நல்ல அறிகுறி, தனியாக வருகிறவன் அந்த இடத்துக்காக வருகிறான். கைப்பிடிகள் நாலைந்து இருந்து, கடையில் ஆளும் இருந்தால் ஏல் புதிதாக இருக்கும். பத்துக் கைப்பிடி வைத்துக்கொண்டு காலியாகக் கிடக்கிற கடையில் பீப்பாய் திறந்து எத்தனை நாள் ஆனதோ. திறந்த பீப்பாய் மூன்று நாளைத் தாண்டினாலே ருசி இறங்கும். நான் அதிகம் நம்புவது ஒரே ஒரு கேள்வியைத்தான். கூட்டம் இல்லாத நேரத்தில் கவுண்டர்காரரிடம், ‘உங்களுக்கு லீவு நாள் என்றால் எங்கே போவீர்கள்?’ என்று கேளுங்கள். ‘நல்ல பப் எது’ என்று கேட்டால் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்கிற பதில் வரும், இதற்கு வேறு பதில் வரும்.

இனி எடின்பரோ. ஊரின் அமைப்பு தலையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தெற்கே ஒரு நீண்ட மேட்டின் முதுகில் பழைய நகரம், மேற்கு நுனியில் கோட்டை, கிழக்கு நுனியில் ஹோலிரூட் அரண்மனை, இரண்டையும் சேர்க்கிற தெருதான் ராயல் மைல். வடக்கே, 1767இல் ஜேம்ஸ் கிரெய்க் என்ற இளைஞர் போட்ட வரைபடத்தில் பிறந்த புதிய நகரம், கோடு போட்ட மாதிரி நேர்த் தெருக்கள். நடுவில் இருக்கும் பள்ளம் ஒரு காலத்தில் ஏரி, இப்போது பிரின்சஸ் தெருத் தோட்டமும் வேவர்லி ரயில் நிலையமும். வெள்ளிக்கிழமை புதிய நகரம், சனிக்கிழமை பழைய நகரம், ஞாயிறு மலை. அவ்வளவுதான் உங்கள் திட்டம்.

லீட்ஸிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரச் சொச்சம். போகும்போது வலது பக்க ஜன்னல் பிடியுங்கள், நியூகாசில் தாண்டியதும் கடல் வர ஆரம்பிக்கும், பெரிக் ஊரில் ட்வீட் நதிக்கு மேலே உயரமான கல் பாலத்தில் ரயில் மெதுவாகப் போகும்.

வெள்ளிக்கிழமை பையை அறையில் போட்டுவிட்டு, நிலையத்துக்கு வடக்கே ஐந்து நிமிடத்தில் இருக்கிற வெஸ்ட் ரெஜிஸ்டர் தெருவுக்கு வாருங்கள். கஃபே ராயல் என்ற பப் அங்கே இருக்கிறது. 1860களிலிருந்து அதே கட்டடம். நடுவில் தீவு மாதிரி வட்டக் கவுண்டர், சுவரில் டோல்டன் கம்பெனி செய்த பீங்கான் ஓட்டுச் சித்திரங்கள், ஜேம்ஸ் வாட், ஃபாரடே என்று கண்டுபிடிப்பாளர்கள் வரிசையாக. கூரையைப் பார்க்கவே கழுத்து வலிக்கும். இதுவும் எல்லாப் பட்டியலிலும் இருக்கிற பெயர்தான், மறுக்கவில்லை, ஆனால் மூன்று, மூன்றரை மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்கும், ஆறு மணிக்கு ஆபீஸ் கூட்டம் வந்துவிட்டால் சித்திரங்களுக்கும் உங்களுக்கும் நடுவே பத்துத் தலைகள். ஒரு ஹாஃப், அதாவது அரை பைன்ட், வாங்கிக்கொள்ளுங்கள். பைன்ட் என்றால் 568 மில்லி, முழுசாக வாங்கியே ஆகவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. ஹாஃப் வாங்கினால் ஆம்பளையா என்று கேட்கிற நண்பர் உங்கள் கோஷ்டியில் இருந்தால் அவருக்கு இந்தப் பத்தியைக் காட்டுங்கள். இடம் இல்லையென்றால் ஒட்டியே கில்ட்ஃபோர்டு ஆர்ம்ஸ் இருக்கிறது, அங்கே ஏல் வகை இன்னும் அதிகம்.

அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் ஆறு, ஆறேகாலுக்கு விழும். ஐந்தேகாலுக்கு எழுந்து கால்டன் ஹில் ஏறுங்கள், பத்து பதினைந்து நிமிட ஏற்றம். மேலே பன்னிரண்டு கிரேக்கத் தூண்கள் மட்டும் நிற்கும், மீதிக் கோயிலைக் காணோம். நெப்போலியனோடு நடந்த போர்களில் செத்தவர்களுக்காக ஏதென்ஸ் பார்த்தினான் மாதிரி கட்ட ஆரம்பித்து, 1829இல் காசு தீர்ந்துபோய் அப்படியே விட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்களே அதை எடின்பரோவின் அவமானம் என்று கூப்பிட்டார்கள், இப்போது எல்லோரும் அதன் முன்னால்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேற்கே கோட்டைக்குப் பின்னால் வெளிச்சம் போவதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இரவுக்குப் புதிய நகரத்தின் உள் தெருக்கள். யங் தெருவில் ஆக்ஸ்ஃபோர்டு பார், ஒரு பிரபல துப்பறியும் நாவல் வரிசையின் நாயகன் வந்து குடிக்கிற இடம் என்பதால் வெளியூர் ஆட்களும் வருவார்கள். ஆனால் உள்ளே ஒரு சின்னக் கவுண்டர், பின்னால் பெஞ்சு போட்ட ஓர் அறை, அலங்காரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அந்த வெறுமைதான் எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் வடக்கே ஜமைக்கா தெருவில் கேஸ் பார், ஒரு காலத்தில் ஒயின் வியாபாரியின் கடை, சிவப்பு வண்ணம், கணப்பு. இரண்டில் ஒன்று போதும். பசித்துப் போகாதீர்கள், பல பப்களில் கவுண்டர் நள்ளிரவு வரை நடந்தாலும் சமையலறை ஒன்பது மணிக்கே அடுப்பை அணைத்துவிடும், சிலவற்றில் சமையலே கிடையாது.

சனிக்கிழமையைக் கோட்டையில் தொடங்கத்தான் எல்லோரும் சொல்வார்கள். போனால் முன்பே டிக்கெட் எடுத்துவிட்டு, திறந்த உடனே போங்கள், அரசர்களின் கிரீடமும் வாளும் உள்ளே இருக்கின்றன. என்னைக் கேட்டால், மூன்று நாளில் அரை நாளை அதற்குக் கொடுக்க மாட்டேன். காலையில் மவுண்ட் சரிவில் இருக்கிற தேசிய ஓவியக் கூடத்துக்குப் போங்கள், இலவசம். கறுப்பு அங்கி போட்ட ஒரு பாதிரியார், கைகளைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் உறைந்த ஏரிமேல் வழுக்கிக்கொண்டு போகிற படம் ஒன்று உண்டு, 1790களைச் சேர்ந்தது, ரேபர்ன் வரைந்ததாகச் சொல்வார்கள். அந்த ஏரியின் பெயர் டடிங்ஸ்டன். பெயரை நினைவில் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் போகப்போகிறீர்கள்.

ஒரு மணிக்குச் சரியாகக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும். கீழே தோட்டத்தில் நின்று கேட்டாலே போதும், காசு இல்லை. துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதற்காக 1861இல் ஆரம்பித்தது. ஞாயிறு வெடிக்க மாட்டார்கள், அதனால்தான் சனிக்கிழமை என்கிறேன். ஏன் பன்னிரண்டு மணிக்கு வெடிப்பதில்லை என்று கேட்டால், பன்னிரண்டு குண்டு செலவாகுமே என்று ஊர்க்காரர்கள் தங்கள் சிக்கனத்தைத் தாங்களே கிண்டல் செய்துகொள்வார்கள்.

பிற்பகல் சேம்பர்ஸ் தெருவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம். இதுவும் இலவசம். குளோனிங்கில் 1996இல் பிறந்த டாலி ஆடு, பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள், கண்ணாடிக்குள் நிற்கிறது. முழுதும் பார்க்க முயலாதீர்கள், டாலியைப் பார்த்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள், ஊரே தெரியும். இதற்கு முன்போ பின்போ, நாலு மணி வாக்கில், விக்டோரியா தெரு வளைந்து இறங்குகிற இடத்தில் ‘போ பார்’ (Bow Bar) என்ற பப். நூற்றுக்கணக்கில் மால்ட் விஸ்கி அடுக்கியிருக்கும் சின்ன அறை, பாட்டு கிடையாது, விளையாட்டு மெஷின் கிடையாது, பேச்சு மட்டும்தான். விஸ்கி தெரியாது என்றால் வெட்கமில்லாமல் சொல்லுங்கள். புகை வாசனை வேண்டுமா வேண்டாமா, எவ்வளவு செலவழிக்கலாம், இந்த இரண்டைச் சொன்னால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அளவு 25 மில்லி அல்லது 35 மில்லி, எந்தக் கடையில் எது என்று சுவரில் எழுதியிருக்கும், விலையை ஒப்பிடும்போது இதையும் பாருங்கள். நாலு சொட்டுத் தண்ணீர் விடலாம், குற்றம் இல்லை. கோலா ஊற்றுவதாக இருந்தால் வேறு, மலிவான விஸ்கியில் ஊற்றுங்கள், புண்ணியமாகப் போகும்.

இரவு சாண்டி பெல்ஸ் பப். அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு நிமிடம், ஃபாரஸ்ட் ரோட்டில். அநேகமாக எல்லா மாலைகளிலும் அங்கே நாட்டுப்புற இசை நடக்கும், மேடை இல்லை, மைக் இல்லை. ஒரு மேஜையைச் சுற்றி ஃபிடில், அக்கார்டியன், புல்லாங்குழல் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உட்காருவார்கள், ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், அது ஓடிக்கொண்டே வேறொரு மெட்டுக்குள் நழுவும். நம் ஊர் பஜனை மடம் நினைவுக்கு வரும், மணம் மட்டும் வேறு. அந்த மேஜை நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள், அது வாத்தியக்காரர்களுடையது. முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் பிடிக்க வேண்டாம். ஏழு மணிக்குள் போனால் நிற்கவாவது இடம் கிடைக்கும்.

சனி இரவு பத்துக்கு மேல் கிராஸ்மார்க்கெட், கௌகேட் பக்கம் வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக் கும்பல்கள் எல்லாம் அங்கேதான் சங்கமம். உங்கள் வயதுக்கு அதுதான் வேண்டும் என்றால் நான் யார் தடுக்க, ஆனால் அத்தானை முன்பே அறையில் விட்டுவிடுங்கள்.

அத்தான் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை இழுத்தது அந்த ஒரு வரிதான். குடிக்காதவருக்கு பப்பில் பிரச்சினை குடி இல்லாதது மட்டும் என்று நினைக்காதீர்கள், என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பெரிய பிரச்சினை. நான் அழைத்துப்போன ஒரு பெரியவர் முதல் நாள் பப்புக்குள் கால் வைக்கவே தயங்கினார், இரண்டாம் நாள் இசை கேட்டார், மூன்றாம் நாள் ‘இது நம்ம டீக்கடை பெஞ்சுதானே, விஷயம் பேசத்தானே வர்றாங்க’ என்றார். அவருடைய முகம் வாடாமல் இருக்கக் காரணம் நான் முதல் நாளே அவரிடம் எந்தக் கடைக்கு, ஏன், எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டதுதான். நீங்களும் சொல்லிவிடுங்கள், ‘முக்கால் மணி நேரம் அத்தான், அப்புறம் மலை’ என்று. சொன்ன நேரத்தில் எழுந்துவிடுங்கள், அது முக்கியம்.

பானத்துக்குக் குறைவில்லை. ஆல்கஹால் இல்லாத பீர் இப்போது அநேகமாக எங்கும் கிடைக்கிறது, அது அவருக்கு வேண்டாம் என்றால் அயர்ன் ப்ரூ வாங்கிக் கொடுங்கள், 1901 முதல் ஸ்காட்லாந்துக்காரர்கள் உயிரை விடுகிற ஆரஞ்சு நிறச் சோடா, எனக்கு பபுள்கம் ஞாபகம் வரும், அவருக்குப் பிடிக்கலாம். தண்ணீர் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்பது ஸ்காட்லாந்தின் மதுக்கடை உரிம விதி, கூச்சப்படாமல் கேளுங்கள். செலவுக் கணக்கில் ஒன்று கவனியுங்கள். நாலு பேரும் மாறி மாறி ரவுண்டு வாங்குவது, அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து வாங்குவது, அங்கே பழக்கம், அதில் சோடா குடிக்கிறவர் மூன்று பேருக்கு விஸ்கி வாங்கிக் கொடுக்கும்படி ஆகும், ஊரிலிருந்து ரூபாயை மாற்றிக்கொண்டு வந்தவருக்கு அது வலிக்கும், வாய் திறந்து சொல்லவும் மாட்டார். குடிக்கிற மூவரும் தனியாகக் காசு போட்டுக்கொள்ளுங்கள், அத்தானுடையதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் அவருக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஹாகிஸ் என்பது ஆட்டு உள்ளுறுப்புகளை ஓட்ஸோடு சேர்த்துச் செய்கிற பண்டம், ஆனால் 1984இல் எடின்பரோவின் மக்ஸ்வீன் என்ற கசாப்புக் குடும்பமே சைவ ஹாகிஸ் ஒன்றைக் கொண்டுவந்தது, பருப்பு, பீன்ஸ், ஓட்ஸ், காய்கறி, நல்ல மிளகுக் காரம். இன்று சாப்பாடு போடுகிற பல பப்களில் கிடைக்கும், மசித்த டர்னிப்பும் உருளையும் கூட வரும். ஆனால் மேலே ஊற்றுகிற கிரீம் சாஸில் விஸ்கி இருக்கும்! தனியாகக் கேளுங்கள், அல்லது வேண்டாம் என்று சொல்லுங்கள். தெருவோரச் சிப்ஸ் கடையிலும் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும், எந்தக் கொழுப்பில் பொரிக்கிறீர்கள் என்று. மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிற கடைகள் அங்கே இருக்கின்றன, பார்த்தால் தெரியாது. சைவ எண்ணெய் என்றால், ‘சால்ட் அண்ட் சாஸ்’ என்று கேட்டு வாங்குங்கள், வினிகர் கலந்த பழுப்புச் சாஸ், எடின்பரோவின் அடையாளம். எனக்கு அது இல்லாமல் சிப்ஸ் இறங்காது.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கெல்லாம் ஹோலிரூட் பூங்காவில் இருங்கள். ஆர்தர்ஸ் சீட் 251 மீட்டர்தான், செத்துப்போன எரிமலை, ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம், ஆனால் உச்சியில் காற்று ஆளைத் தள்ளும், பாறை மழைக்கு வழுக்கும், ஷூ சரியாக இருக்கட்டும், செருப்பு கூடாது. அத்தானுக்கு முட்டி வலி என்றால் உச்சியை விட்டுவிட்டு மலையைச் சுற்றுகிற தார் சாலையிலேயே நடக்கலாம், காட்சிக்குக் குறைவில்லை. அந்தப் பக்கம் இறங்கினால் டடிங்ஸ்டன் கிராமம், 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதன் கீழே ஏரி, நேற்றுப் படத்தில் பார்த்த அதே ஏரி. வாத்துகள்தான் இருக்கும், பாதிரியார் இருக்க மாட்டார்.

அங்கேயே ஷீப் ஹெய்ட் இன். 1360 முதல் அந்த இடத்தில் பப் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள், அவ்வளவு பழமையை யாரும் நிரூபிக்க முடியாது என்றாலும் பழைய இடம்தான். 2016இல் எலிசபெத் அரசியே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மேஜை சொல்லிவையுங்கள், ஞாயிறு நிறைந்துவிடும். பின்கட்டில் பழைய ஸ்கிட்டில்ஸ் களம் ஒன்று இருக்கிறது, மரப் பந்தை உருட்டி மரக் குச்சிகளைச் சாய்க்கிற ஆட்டம், மணிக் கணக்கில் வாடகைக்குத் தருவார்கள், அதையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். உங்கள் மூவரையும்விட நிதானமாக இருக்கிறவர் அத்தான்தான், அவர்தான் ஜெயிப்பார். திரும்பி வர மலை ஏற வேண்டாம், கிராமத்துக்குத் தெற்கே 1831இல் குதிரை இழுத்த ரயில் ஓடின பாதை இப்போது நடைபாதையாக இருக்கிறது, பெரும்பாலும் சமதளம், கடைசியில் ஒரு சுரங்கம் வழியாக ஊருக்குள் கொண்டுவந்து விடும்.

மழை கொட்டினால், கொட்டும், மலையை மறந்துவிட்டு டிராம் வண்டி ஏறி லீத் துறைமுகம் போங்கள், 2023 முதல் பாதை அங்கே வரை நீண்டிருக்கிறது. ராணியின் பழைய கப்பல் பிரிட்டானியா அங்கே நிற்கிறது, அத்தானுக்கு அரண்மனையைவிட இது பிடிக்கும். ஷோர் பகுதியில் கிங்ஸ் வார்க் என்ற பப், தண்ணீரைப் பார்த்த கல் கட்டடம், சாப்பாடு நன்றாக இருக்கும்.

சில்லறை விஷயங்கள் கொஞ்சம். வயது 25க்குக் குறைவாகத் தெரிந்தால் சான்று கேட்க வேண்டும் என்பது அங்கே கட்டாயம், 18தான் சட்ட வயது என்றாலும். பாஸ்போர்ட் வைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் கார்டு செல்லாது. கடைகளில் மது காலை 10 முதல் இரவு 10 வரைதான் விற்பார்கள், பத்தேகாலுக்கு சூப்பர்மார்க்கெட்டில் கெஞ்சிப் பயனில்லை. கார் வாடகைக்கு எடுக்காதீர்கள். ஊருக்குள் தேவையும் இல்லை, தவிர 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, நீங்கள் இருக்கும் இங்கிலாந்தில் 80. அங்கே பழகின கணக்கு இங்கே மாட்டிவிடும், முந்தைய இரவுக் குடி மறுநாள் காலையில்கூட. அறை பதிவு செய்யும் முன் மர்ரேஃபீல்டில் அந்த வாரம் ரக்பி ஆட்டம் உண்டா என்று பாருங்கள், 67,000 பேர் உட்காருகிற மைதானம், ஆட்டம் இருந்தால் அறையும் கிடைக்காது, நான் மேலே சொன்ன மூன்று மணி அமைதியும் கிடைக்காது. 2026 ஜூலை 24 முதல் தங்குகிற தொகையில் 5 சதவீதம் நகர வரி உண்டு, பில்லில் பார்த்துப் பதறாதீர்கள். ஸ்காட்லாந்தின் மூன்று வங்கிகள் அச்சிடுகிற நோட்டுகள் செல்லும், ஆனால் லீட்ஸில் சில கடைக்காரர்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், கிளம்பும் முன் அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

திரும்புகிற ரயிலை நாலு மணிக்குள் எடுங்கள், ரொம்பத் தாமதித்தால் கடல் வருவதற்குள் இருட்டிவிடும். இந்தத் தடவை கடல் இடது பக்கம். ஜன்னல் சீட் அத்தானுக்கு.